ஆசிட் எங்கே போனது

பேட்டரியில் மூன்று அறைகள். மூன்று மூடிகளையும் திருகித் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். திரவம் மேல்கோட்டில் நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. பெட்டியின் அடியில் ஈரமில்லை, கீழே விரித்திருந்த செய்தித்தாளும் காய்ந்தே கிடந்தது. ஒயர்களை முந்தாநாளே கழற்றி வைத்துவிட்டேன், அதனால் எங்கேயும் உரசி மின்சாரம் கசிந்திருக்க வழியில்லை. உள்ளே இருந்தது எதுவும் வெளியே போகவில்லை. ஆனாலும் இரண்டு நாள் சும்மா இருந்த பிறகு அந்த பேட்டரி செத்திருந்தது. வண்டியில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு ஒரு கணம் சிவந்து அணைந்தது. ஹார்னை அமுக்கினால் சளி கட்டிய தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம்.

மோட்டார் சைக்கிள் வாங்கி எழுபது நாள் ஆகவில்லை.

இந்த வண்டியில் பேட்டரி என்பது விளக்குக்கும் ஹார்னுக்கும் மட்டும் ஆனதல்ல. சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியே அந்த ஆறு வோல்ட்டிலிருந்துதான் வர வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது டைனமோ மின்சாரம் கொடுக்கும். மெதுவாகச் சுற்றும்போதும், நின்றிருக்கும் எஞ்சினைக் காலால் உதைக்கும்போதும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அது செத்தால் வண்டி இரும்பு. நூற்றிருபது கிலோ இரும்பு.

நான் கால்நடை ஆய்வாளர். திருவண்ணாமலை கால்நடை மருத்துவமனையில் வேலை. கிராமத்தில் என்னையும் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் டாக்டர் வேறொருவர், நான் பெரும்பாலும் சினை ஊசி போடுகிறவன். பதினொரு வருடமாக மாட்டுக்குள் தோள்வரை கைவிட்டு வேலை செய்கிறேன். சாணி முகத்தில் அடித்திருக்கிறது. அழுகிப்போன நஞ்சுக்கொடியைக் கையால் உரித்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, அதே கையால் இட்லி தின்றிருக்கிறேன். அருவருப்பு என்ற ஒன்று எனக்குள் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்த பேட்டரிதான் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. முனைகளில் பூஞ்சை மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. என் காக்கிக் கால்சட்டையில் தொடைப்பக்கம் ஏழு ஓட்டை. துவைக்கத் துவைக்க அவை பெரிதாகிக்கொண்டே போயின.

பதிவு செய்து ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த வண்டி. வந்துவிட்டது என்று கடையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் ஆடி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது என் மனைவி ராஜம்மாள் வீட்டு வழக்கம். ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் கடைக்காரர் வண்டியை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவார்.

"ஆனியிலயே எடுத்துடுங்க. கோயில்ல பூஜை போட்டு வீட்டுக்குக் கொண்ணாந்து நிறுத்திடுங்க. ஆவணி பொறந்ததும் ஓட்டிக்கலாம்," என்றாள் ராஜம்மாள்.

"ஒரு மாசம் நின்னா கெட்டுப் போவாதா?"

"ஒரு மாசம் நின்னா கெட்டுப் போற வண்டின்னா அதை எதுக்கு வாங்கறீங்க?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால்வரை. பேட்டரி மெட்ராஸிலிருந்து காய்ந்த நிலையில், ஆசிட் இல்லாமல்தான் வரும். ஒன்பது மணிக்குக் கடை ஆள் அதில் ஆசிட்டை ஊற்றினார், மூடியைத் திருகினார், வண்டியில் மாட்டினார், கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஆசிட் ஊற்றிய பிறகு பேட்டரியைக் குறைந்த மின்சாரத்தில் இரண்டு நாள் சார்ஜ் போட வேண்டும் என்று ஒரு காகிதம் ஸ்பேனர் பையிலேயே மடித்துக் கிடந்தது. அதை யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. பத்து மணிக்குள் ராஜகோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்து தார்ப்பாய் போட்டு மூடினேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் தார்ப்பாயை எடுத்தேன். இடையில் முப்பத்து நான்கு நாள்.

இனி மாட்டுக் கதை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர் போனால் நயினார் வீடுகள் இருபது உள்ள ஒரு சிற்றூர். நெல்லும் மணிலாக் கடலையும் வைக்கிற சமணக் குடும்பங்கள். அங்கே தர்மதேவி என்ற அம்மாளிடம் மல்லி என்று ஒரு கலப்பினப் பசு. மூன்று ஈத்து ஈன்றது, பால் வற்றி நின்றது. முன்கால் குளம்பில் வெடிப்பு, அதனால் மருத்துவமனைக்கு நடத்திக் கூட்டி வர முடியாது. ஊரில் பொலிகாளையும் இல்லை, இருந்த இரண்டையும் காயடித்து ஏரில் பூட்டிவிட்டார்கள். நான்தான் போக வேண்டும்.

பசு இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். கத்தும், தீனியை விடும், மற்ற மாட்டின் மேல் தாவும். அந்தப் பருவம் முக்கால் நாள்தான் நீடிக்கும். காலையில் கத்தினால் அன்று சாயந்திரம் ஊசி போட வேண்டும், சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலை. விட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். விந்துக் குப்பியை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கொண்டு போகிறோம். ஐஸ் கரைந்து சூடேறினால் உள்ளே இருப்பது செத்துவிடும். ஆக எனக்கு இரண்டு கடிகாரம், ஒன்று மாட்டுக்குள், மற்றொன்று ஃபிளாஸ்க்குக்குள். கீழ்பென்னாத்தூருக்கு பஸ் இருக்கிறது. அதற்கப்பால் காலையிலும் சாயந்திரமும் ஒவ்வொரு பஸ். வண்டிக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆவணி பன்னிரண்டாம் தேதி பால் வேன்காரர் சீட்டுக் கொண்டுவந்தார். மல்லி காலையிலிருந்து கத்துகிறது. மூன்று மணிக்கு ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயில் கேட் மூடியிருந்தது. நின்று ஆக்ஸிலரேட்டரை விட்டேன். எஞ்சின் இரண்டு முறை விக்கி அணைந்தது. கேட் திறந்த பிறகு இருபது முறை உதைத்தேன். கியரில் போட்டுத் தள்ளினேன். பின்னால் மணிலா மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"புது வண்டியா டாக்டரே?"

"ஆமாம்."

"வேணும்னா என் மாட்டுல ஒண்ணை அவுத்துத் தரேன், பூட்டி இழுங்க. நீங்க சொன்னா மாடு கேக்கும்."

கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேணுவின் ஒர்க்‌ஷாப்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேணு பேட்டரியைப் பெரிய சார்ஜரில் மாட்டினான். மூன்று மணி நேரத்தில் அது கொதித்தது, தொட்டால் சுட்டது. மாட்டி உதைத்ததும் வண்டி முதல் உதையில் கிளம்பியது. ஹார்ன் கடை முழுக்க அலறியது.

"பாத்தீங்களா சார்? இன்னும் ஒரு வருசத்துக்குத் தொட வேணாம்," என்றான் வேணு.

அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது மல்லி அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பருவம் முடிந்திருந்தது.

அடுத்தது புரட்டாசி இரண்டு என்று அப்போதே கணக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மாடு கணக்குத் தவறவில்லை, நான் தவறினேன். முதல் நாள் சாயந்திரமே கத்தத் தொடங்கியது என்று விடிந்ததும் செய்தி வந்தது. வண்டி செத்துக் கிடந்தது. மறுபடி வேணு. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பேட்டரி மூடியைத் திறந்து, "தண்ணி கம்மியா இருக்குது," என்றவன், டியூப் பஞ்சர் பார்க்கிற தொட்டியில் மக்கை முக்கினான். அந்தத் தொட்டியை நான் எப்படிச் சொல்வது. மேலே கிரீஸ் வானவில் மாதிரி மிதந்தது. ரப்பர் தூள், பீடித் துண்டு, ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு. அந்தத் தண்ணீரை மூன்று அறையிலும் ஊற்றினான்.

"வேணு, டிஸ்டில்ட் வாட்டர்தானே ஊத்தணும்?"

"தண்ணி தண்ணிதான் சார். ஆசிட்டுல எந்த அழுக்கு நிக்கும்? எல்லாத்தையும் தின்னுடும்."

அவன் கையைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் மணி எட்டு. மல்லியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு சார்ஜ் ஏறும்வரை நின்றேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை, வேணுவையல்ல, என்னைத்தான்.

பதினோரு மணிக்குக் கிளம்பினேன். ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஏரிக்கரைச் சேற்றில் வேகம் குறைந்ததும் எஞ்சின் அணைந்தது. வண்டியை ஒரு பனைமரத்தில் சாத்திவிட்டு ஃபிளாஸ்க்கோடு நடந்தேன். புரட்டாசி வெயில் சித்திரை வெயில் மாதிரி அடித்தது. வழியில் ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தேன். ஐஸ் சத்தம் இல்லை, தண்ணீர்ச் சத்தம்தான். கொட்டிலில் வைத்துத் திறந்தபோது குப்பி என் கைச்சூட்டுக்கு இருந்தது.

தர்மதேவி அம்மாள் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மகன் சக்கரவர்த்தி, முப்பது வயது, கதவில் சாய்ந்திருந்தான்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் அவன். "இந்த தபா சினை நிக்கலன்னா இன்னும் ஒரு தபாதான் பாப்பேன். அதுக்கு மேல வர்ற சனிக்கிழமை சந்தைக்கு ஓட்டிடுவேன். பால் இல்லாத மாட்டுக்குப் புண்ணாக்கு போட எங்கிட்ட வழி இல்லை."

"சந்தையில மலட்டு மாட்டை எவன் வாங்கறான்னு தெரியும்ல?" என்றார் அம்மாள்.

"எவனோ வாங்கறான்."

"அடிமாட்டுக்கு வாங்கறான். நம்ம வீட்டுத் தொழுவத்துலருந்து ஒரு உசுரு அங்க போவணுமா? பொழுது சாய்ஞ்சா பூச்சி விழும்னு விளக்கு வெக்கறதுக்குள்ள சாப்புட்டு முடிக்கிற குடும்பம்டா இது."

"அப்ப நீயே தீனி போடு."

அம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் குப்பி செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறை மாட்டினேன். செத்ததைத் தெரிந்தே போட்டேன். போட்டுவிட்டுக் கை கழுவ அவர் ஊற்றிய தண்ணீரை வாங்கிக்கொண்டேன். அது நிற்காது என்று எனக்குத் தெரியும். புரட்டாசி இருபத்து மூன்றாம் தேதி மல்லி மறுபடி கத்தும். அதுதான் கடைசி.

வண்டியை மணிலா லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். வேணு ஒரு வார்த்தையில் முடித்தான்: "கம்பெனிக் கோளாறு சார், புதுசு போடுங்க." அந்த அளவு பேட்டரி ஊரில் எங்கேயும் இல்லை. எழுதிப்போட்டால் வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். இரண்டு நாள் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்து, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சொன்னேனே, அது இந்த இடம்தான். சொட்டு வெளியே போகவில்லை. பிறகு எப்படிச் செத்தது?

மறுநாள் காலை பால் சொசைட்டியில் ஒரு மாட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. அங்கே பால் ஊற்ற வந்த ஒருவரிடம் சொசைட்டிக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "அளவு சரியாத்தான் இருக்குது. லாக்டோமீட்டர் பதினெட்டு காட்டுதே. பால் எங்க போச்சு?" லாக்டோமீட்டர் என்பது அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழாய். கெட்டியான திரவத்தில் மிதந்து மேலே நிற்கும், நீர்த்ததில் அமிழும். நல்ல பசும்பாலில் முப்பதுக்குப் பக்கம் காட்டும், வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஊசியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். அளவு சரியாக இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பதும் சரியாக இருக்கிறது என்று ஆகாது. இதைப் பால்காரர் விஷயத்தில் தினமும் பார்க்கிறேன். பேட்டரி விஷயத்தில் தோன்றவில்லை.

அவர்களிடம் எண் பாதி அழிந்த பழைய லாக்டோமீட்டர் ஒன்று இருந்தது, கேட்டு வாங்கினேன். வீட்டில் பழைய கண்ணாடி சிரிஞ்சால் மூன்று அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி உயரமான கண்ணாடிக் குவளையில் விட்டேன். சாம்பல் நிறத்தில், பஞ்சர் தொட்டியின் தூசி சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் லாக்டோமீட்டரை இறக்கினேன். அமிழ்ந்து, ஆடி, நின்றது. முப்பது.

நல்ல பசும்பால்.

பேட்டரி ஆசிட் அப்படி இருக்கக் கூடாது. சரிபார்க்க, செங்கம் ரோட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் அப்பாதுரையிடம் போய்ப் புது ஆசிட் ஒரு பாட்டில் வாங்கினேன். அவரிடம் எப்போதும் பத்து பேட்டரி இருக்கும். அவர் கடையிலேயே குவளையில் ஊற்றி லாக்டோமீட்டரை விட்டேன். அது உள்ளே போக மறுத்துத் தலைதூக்கிக் குவளை விளிம்பில் சாய்ந்துகொண்டது. ஒரு எண்கூட நனையவில்லை.

"என்னா சார், ஆசிட்டுல தண்ணி கலக்கறேன்னு செக் பண்றீங்களா?" என்றார் அப்பாதுரை.

"இல்லைங்க. என் பேட்டரியில இருந்த ஆசிட் எங்க போச்சுன்னு பாக்கறேன்."

அன்று முழுக்க அதையே யோசித்தேன். வெளியே போகவில்லை என்றால் உள்ளேயே எங்கோ இருக்கிறது. உள்ளே இருப்பது திரவமும் ஈயத் தகடுகளும் மட்டும். திரவத்தில் இல்லை, ஆகவே தகட்டில் இருக்கிறது. மறுபடி டார்ச் அடித்தேன், இந்த முறை திரவத்தைப் பார்க்காமல் தகடுகளைப் பார்த்தேன். நாக்கில் மாவு படிந்த மாதிரி தகட்டின் மேல் வெள்ளைப் படலம். விஷயம் புரிந்துவிட்டது.

பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது ஆசிட்டில் உள்ள கந்தகச் சத்து தகட்டு ஈயத்தோடு சேர்ந்து ஒரு வெள்ளை உப்பாகப் படியும். சார்ஜ் போடும்போது அந்த உப்பு பிரிந்து சத்து மறுபடி திரவத்துக்குத் திரும்பும். போவதும் வருவதும்தான் பேட்டரியின் வேலை. ஆனால் படிந்த உப்பு புதிதாக, தூளாக இருக்கும்வரைதான் அது சுலபம். அப்படியே விட்டால் மழைக்காலத்தில் ஜாடி உப்பு இறுகுவதுபோல் கட்டி தட்டிவிடும். என் பேட்டரி ஆசிட் ஊற்றி, முதல் சார்ஜ் இல்லாமல், ஆடி மாதம் முழுக்க தார்ப்பாய்க்கு அடியில் கட்டி தட்டியிருந்தது. வேணு பெரிய சார்ஜரைப் போட்டது பெரிய தீயில் தோசை வார்ப்பது மாதிரி. மேல்தோல் மட்டும் முறுகி, நடுவில் மாவு அப்படியே இருந்தது. அந்த மேல்தோல் மின்சாரத்தில் ஹார்ன் அலறும், ஒரு நாளில் தீரும். கட்டி தட்டியதைக் கரைக்க வேண்டும் என்றால் தீயைக் குறைக்க வேண்டும், நேரத்தைக் கூட்ட வேண்டும்.

புரட்டாசி எட்டாம் தேதி பேட்டரியோடு அப்பாதுரையிடம் போனேன். பால் கெட்டியில் இருந்த அந்தச் சாக்கடையைக் கொட்டி, மருந்துக்கடை டிஸ்டில்ட் வாட்டரால் ஐந்து முறை அலசினேன். கடைசி முறைகூட கறுப்பாகத்தான் வந்தது. பிறகு சுத்தமான டிஸ்டில்ட் வாட்டரையே நிரப்பினேன்.

"ஆசிட் ஊத்தலையா?" என்றார் அப்பாதுரை.

"ஊத்தலை. ஆசிட் தகட்டுலயே இருக்குது. வெறும் தண்ணியில வெச்சாத்தான் சீக்கிரம் கரையும். எனக்குக் கால் ஆம்பியர் கரன்ட் வேணும்."

"கால் ஆம்பியரா? என் சார்ஜர் கம்மியா குடுத்தாலே ரெண்டு ஆம்பியர் குடுக்கும். கொசுவுக்குப் பால் குடுக்க வந்தீங்களா?"

"நடுவுல ஒரு சின்ன பல்ப் மாட்டினா?"

அவர் யோசித்தார். மைக் செட்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வோல்ட் சார்ஜருக்கும் ஆறு வோல்ட் பேட்டரிக்கும் நடுவில் அதே பன்னிரண்டு வோல்ட்டுக்கான ஐந்து வாட் பல்ப் ஒன்றை வரிசையில் மாட்டினோம். மிச்ச வோல்ட்டை பல்ப் தின்றுவிடும், கால் ஆம்பியருக்கு மேல் உள்ளே விடாது. தவிர, எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை அந்த பல்ப்பே எரிந்து காட்டும்.

சுவிட்ச் போட்டோம். பல்ப் எரியவில்லை.

சுத்தமான தண்ணீரும் கட்டி தட்டிய தகடும் மின்சாரத்தை விடாது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் மறுநாளும் எரியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் ஆபீஸ் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அந்த இருண்ட பல்ப்பைப் போய்ப் பார்த்தேன்.

"பொணத்துக்கு குளுக்கோஸ் ஏத்தறோம் சார்," என்றார் அப்பாதுரை. "நவராத்திரிக்கு எனக்கு சார்ஜர் வேணும். பதினாறாந்தேதி வரைக்கும் பாருங்க, அப்புறம் கழட்டிடுவேன்."

பதினொன்றாம் தேதி காலை பல்ப்பின் கம்பி மட்டும் சிவந்திருந்தது, ஊதுபத்தி முனை மாதிரி. சாயந்திரம் மஞ்சள். சிரிஞ்சால் உறிஞ்சிக் குவளையில் விட்டு லாக்டோமீட்டரை இறக்கினேன். எட்டு. ஒரு சொட்டு ஆசிட்கூட நாங்கள் ஊற்றவில்லை. வெறும் தண்ணீரில் பூஜ்யத்தில் நின்றது இப்போது எட்டில் நிற்கிறது. காணாமல் போன ஆசிட் தகட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் தேதி பத்தொன்பது. பதின்மூன்றில் முப்பத்து மூன்று. பதினைந்தாம் தேதி எண் எல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து லாக்டோமீட்டர் சாய்ந்தது. அப்பாதுரை அதைப் பிடுங்கித் தானே இரண்டு முறை விட்டுப் பார்த்தார். அருவருப்பு ஒன்றும் குறையவில்லை. அந்தத் திரவத்தில் இன்னும் கறுப்புத் தூள் மிதந்தது.

பதினாறாம் தேதி அதைக் கொட்டிப் புது ஆசிட் ஊற்றி, இன்னும் ஒரு நாள் அதே கால் ஆம்பியரில் வைத்துக் கழற்றினோம். நான்கு நாள் மாட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஹார்ன் முதல் நாள் மாதிரியே அலறியது.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சீட்டு வந்தது. சாயந்திரம் மூன்றரைக்குக் கிளம்பி நாலே முக்காலுக்குக் கொட்டிலில் இருந்தேன். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. ஃபிளாஸ்க்கைக் குலுக்கினேன், ஐஸ் கடகடத்தது. கையுறை மாட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

"அம்மா, போன தடவை நான் போட்டது செத்தது. வண்டி நின்னு போய் நடந்து வந்தேன், ஐஸ் கரைஞ்சிடுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

சக்கரவர்த்தி கதவிலிருந்து நிமிர்ந்தான். "இருபத்தோரு நாள் தீனி தண்டம்னு தெரிஞ்சே போனீங்களா?"

"ஆமாம்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே சந்தைக்கு ஓட்டியிருப்பேன்."

"அதுக்குத்தான் அவரு சொல்லாம போயிருக்காரு, விடு," என்றார் தர்மதேவி அம்மாள். அது உண்மையல்ல. நான் வெட்கப்பட்டுத்தான் சொல்லாமல் போனேன். அவருக்கும் அது தெரியும் என்று அவர் முகம் சொன்னது. கொம்பை இறுக்கிப் பிடித்தார். "இதுல உசுரு இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப போடுங்க. பொழுது இருக்குது."

போட்டேன். ஐப்பசியில் மல்லி கத்தவில்லை. கார்த்திகையிலும் இல்லை. மார்கழி முடிவில் கைவிட்டுப் பார்த்தபோது கர்ப்பப்பையின் ஒரு கொம்பு பெருத்துத் திரண்டிருந்தது. மூன்று மாதச் சினை. சக்கரவர்த்தி புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேட்டரிக்கு நாங்கள் செய்தது இதுதான். பழைய ஆசிட்டைக் கொட்டி டிஸ்டில்ட் வாட்டரால் அலச வேண்டும். டிஸ்டில்ட் வாட்டரையே நிரப்பி, பன்னிரண்டு வோல்ட் சார்ஜரில் ஐந்து வாட் பல்ப்பை வரிசையில் வைத்து, கால் ஆம்பியரில் எட்டு நாள் விட வேண்டும். முதல் மூன்று நாள் பல்ப் எரியாது, கழற்றக் கூடாது. திரவம் கெட்டியானதும் அதைக் கொட்டிப் புது ஆசிட் ஊற்றி இன்னும் ஒரு நாள் வைக்க வேண்டும். அதன் பிறகு வண்டியை எந்த மாதத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தக் கூடாது.